ரெண்டு விரலா, மூணு விரலா?

“எவ்வளவு இறக்கணும் சார்? ரெண்டு விரலா, மூணு விரலா?”

காரை இறக்க வேண்டும் என்று கடைவாசலில் போய் நின்றால் முதலில் காதில் விழும் கேள்வி இதுதான். டயருக்கும் அதன் மேலே வளைந்திருக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் எத்தனை விரல் நுழைகிறது என்பதுதான் கணக்கு. இப்போது நான்கு விரல் நுழைகிறதா, ஸ்பிரிங் மாற்றினால் இரண்டு விரல். உயரத்தைத் திருகி மாற்றும் காயிலோவர் போட்டால் விரலே நுழையாது. யாருடைய விரல்? கடைப் பையனுடையதா, என்னுடையதா? பெட்ரோல் டேங்க் நிரம்பியிருக்கும்போதா, காலியாக இருக்கும்போதா? நான் ஒருவனாகப் போகும்போதா, அம்மாவும் மனைவியும் பிள்ளையும் ஏறி, டிக்கியில் அரிசி மூட்டையும் இருக்கும்போதா? கேட்டால் “அதெல்லாம் ஒண்ணும் பிரச்சினை வராது சார்” என்கிறார்கள். ஐந்து வருடமாக இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு நொந்து போயிருக்கிறேன்.

என்னுடையது ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ, 2016 மாடல். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. 1.2 லிட்டர் டர்போ எஞ்சின், 105 குதிரைத் திறன், ஏழு கியர் டிஎஸ்ஜி. இதைப் போய் ஸ்போர்ட்ஸ் கார் என்கிறாயே என்று சிலர் கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஈசிஆரில் மாமல்லபுரம் பக்கம் அலறிக்கொண்டு போகும் போர்ஷேக்களையும் லம்போர்கினிகளையும் கோவளத்தில் குடியிருக்கும் நான் வாரம் தவறாமல் பார்க்கிறேன். வித்தியாசம் எனக்கும் தெரியும். ஆனால் வீட்டுக் கடன் கட்டிக்கொண்டே, ஸ்டியரிங்கைத் தொட்டால் மனசு குளிர்கிற மாதிரி ஒரு வண்டி வேண்டும் என்று ஆசைப்பட்ட மாதச் சம்பளக்காரனுக்கு இந்த நாட்டில் எட்டியது இதுதான். 2022இல் போலோவை இந்தியாவில் நிறுத்தியே விட்டார்கள். இருக்கிற ஒன்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டுமே என்ற கவலையும் அதோடு சேர்ந்துகொண்டது.

இறக்க வேண்டும் என்ற எண்ணம் அழகுக்காக மட்டும் வந்ததில்லை. நம் ரோடுகளை மனதில் வைத்து இந்த வண்டியை ஐரோப்பாவில் விற்பதைவிடக் கொஞ்சம் உயர்த்தித்தான் இங்கே விற்றார்கள். உயரம் கூடினால் வளைவில் உடம்பு சாயும். நான் சிறுசேரியில் வேலை முடித்து, ஓஎம்ஆரில் கேளம்பாக்கம் வந்து, உப்பளங்களையும் கழிமுகத்தையும் பார்த்தபடி கோவளம் ரோட்டில் திரும்புகிறேன். சாயங்காலக் கடல்காற்று எதிரே வரும் அந்த சில கிலோமீட்டர் எனக்கு அன்றைய நாளின் நல்ல நேரம். அங்கே வண்டி சாயாமல், தரையைப் பிடித்துக்கொண்டு திரும்ப வேண்டும். அவ்வளவுதான் கேட்டேன்.

தாம்பரம் பக்கம் ஒரு கடையில் சொன்னார்கள்: “ஸ்பிரிங் மட்டும் மாத்துங்க சார். ஷாக் ஒரிஜினலே போதும். காலைல விட்டா சாயங்காலம் எடுத்துக்கலாம்.” லோயரிங் ஸ்பிரிங் நான்கு, கூலியோடு 24,000 ரூபாய். 30 மில்லிமீட்டர் இறங்கியது. முதல் வாரம் எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. ஸ்டியரிங் திருப்பியதும் மூக்கு உடனே திரும்பியது. தெருமுனையில் நிறுத்திவிட்டு நடக்கும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

இரண்டாவது வாரம் முட்டுக்காடு பாலம். பாலத்தின் ஸ்லாபுகள் சேரும் இணைப்புகளை வழக்கமான வேகத்தில் தாண்டும்போது, பின்பக்கம் ஒருமுறை எகிறிக் குதித்து, இறங்கி, மறுபடியும் எகிறியது. அடுத்த இணைப்பு வருவதற்குள் முதல் குதியே அடங்கவில்லை. பக்கத்து லேனில் அரசுப் பேருந்து. வண்டி அரை அடி அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டது. கை நடுங்கியது.

என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள எனக்கு மூன்று மாதம் பிடித்தது. விற்றவர் மூன்று நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். ஸ்பிரிங் மேடு பள்ளத்தின் அடியை வாங்கி வைத்துக்கொள்ளும். வாங்கியதைச் செலவழித்துத் தீர்ப்பது ஷாக் அப்சார்பரின் வேலை. ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பியின் விட்டத்தோடு நேராக ஏறுவதில்லை, விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். சுருளின் மற்ற அளவுகளெல்லாம் அப்படியே இருக்க, 12 மில்லிமீட்டர் கம்பி 13 ஆனால் விறைப்பு ஏறக்குறைய 38 சதவீதம் கூடிவிடும். கண்ணுக்கு ஒரு மில்லிமீட்டர். ஷாக்குக்கு அது முற்றிலும் வேறொரு ஸ்பிரிங். கம்பெனி ஷாக் கம்பெனி ஸ்பிரிங்குக்காக அளந்து செய்யப்பட்டது. அதன் தலையில் விறைப்பான ஸ்பிரிங்கை ஏற்றினால், அது திருப்பி உதைக்கும் வேகத்தை அடக்க அந்த ஷாக்கில் தெம்பு இருக்காது. பாலத்தில் நான் பட்டது அதுதான்.

அடுத்தது, கடையில் யாருமே வாய் திறக்காத விஷயம்: ஓட்டம். சக்கரம் மேலே ஏற எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்பது. ஷாக்கின் தண்டில் பம்ப் ஸ்டாப் என்று ஒரு ரப்பர் கட்டை இருக்கும். ஓட்டம் முடியும் இடத்தில் வண்டி அதன்மேல் போய் உட்காரும். டஸ்ட் கவரைத் தூக்கிவிட்டு, தண்டில் ஒரு கேபிள் டையைக் கட்டி, ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் எவ்வளவு ஏறியது என்று தெரிந்துவிடும். ஒரு ரூபாய் செலவு. ஒரிஜினல் உயரத்தில் என் வண்டியின் முன்பக்கம் பம்ப் ஸ்டாப்பைத் தொட 42 மில்லிமீட்டர் இருந்திருக்கிறது. 30 இறக்கியபின் மிச்சம் 12. நாலு பேர் ஏறினால் அதுவும் போயிற்று. அதாவது குடும்பத்தோடு போகும்போதெல்லாம் நாங்கள் ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்து போகவில்லை, ரப்பர் கட்டையின் மேல் உட்கார்ந்து போயிருக்கிறோம். வளைவின் நடுவில் அந்தக் கட்டை இடித்தால் அந்தச் சக்கரத்தின் விறைப்பு சட்டென்று பல மடங்காகி, பிடிப்பு கழன்றுகொள்ளும்.

இதைக் கேட்டால் இன்னும் வயிறெரியும். போலோவின் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் வகை. அதை இறக்கும்போது லோயர் ஆர்மின் சாய்வு மாறி, வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, வண்டியின் எடை மையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடுகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் கூடுவதால் சாய்க்கும் விசைக்கு நெம்புகோல் நீளமாகிறது. இறக்கினால் சாயாது என்று சொல்லித்தான் விற்கிறார்கள். அளவுக்கு மீறி இறக்கினால் அதே வண்டிக்குச் சாய்கிற உந்துதல் கூடிவிடுகிறது. அதை அடக்க இன்னும் விறைப்பான ஸ்பிரிங் வேண்டியிருக்கிறது. அந்த ஸ்பிரிங்குக்கு இன்னும் பலமான ஷாக் வேண்டியிருக்கிறது. இந்தச் சங்கிலியில் முதல் கண்ணியை மட்டும் எனக்கு விற்றார்கள்.

என் அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. முதுகு வலிக்காக மாதம் ஒருமுறை தாம்பரம் கூட்டிப் போவேன். கேளம்பாக்கம், மாம்பாக்கம், கண்டிகை, வண்டலூர் வழி. அன்று வண்டலூர் தாண்டும்போது மெதுவாகக் கேட்டார்: “ஏம்ப்பா, வண்டிக்கு என்ன பண்ணுன? பள்ளத்துல எறங்குறப்பெல்லாம் முதுகெலும்புல ஆணி அடிக்கிறாப்ல இருக்கே.” பின்சீட்டில் தலையணையை முதுகுக்கு முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். எப்போதிருந்து அப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று நான் கவனித்திருக்கவில்லை. அந்த 24,000 ரூபாய் போனதுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இது தெரிந்தது.

பதினான்காம் மாதம் முன்பக்க ஷாக் இரண்டிலும் எண்ணெய் கசிந்தது. அதே கடைக்குப் போனேன். “நம்ம ரோடு அப்படி சார், என்ன பண்றது” என்றார்கள். ரோடு அப்படித்தான் என்று தெரிந்தவர்கள் விற்கும்போது ஏன் சொல்லவில்லை? ரோடு போன வருடமும் இதே ரோடுதானே?

அடுத்து காயிலோவர். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றுக்கொன்று பொருத்தமாக ஒரே செட்டாக வரும், உடம்பில் மரை வெட்டியிருக்கும், காலரைத் திருகி உயரத்தை வேண்டியபடி வைத்துக்கொள்ளலாம். படிக்கும்போது என் கஷ்டத்துக்கெல்லாம் மருந்து மாதிரி இருந்தது. விலை ஒரு லட்சத்துக்கு மேல். வேறொரு கடையில் விசாரித்தேன். “30 கிளிக் இருக்கு சார். வேணும்னா ஹார்டு, வேணும்னா சாஃப்ட். ஃபுல் அட்ஜஸ்டபிள்.”

30 கிளிக். ஒரு கிளிக்குக்கு எவ்வளவு மாறும்? ஷாக் சுருங்கும்போது மாறுமா, விரியும்போது மாறுமா, இரண்டிலும் சேர்த்தா? ஷாக்கை இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்து வரைந்த வரைபடம் ஏதாவது இருக்கிறதா? ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீட்டர் அமுக்க எத்தனை கிலோ வேண்டும்? கடைசிக் கேள்விக்கு மட்டும் பெட்டியின் பக்கவாட்டைப் பார்த்து ஒரு எண் சொன்னார்கள். அந்த எண் 1,100 கிலோ சொச்சம் எடையுள்ள என் வண்டிக்குச் சரியா என்று கேட்டதற்கு, “இதே வண்டிக்கு நிறைய பேர் போட்டிருக்காங்க சார்.”

போலோவின் பின்பக்கம் ஸ்பிரிங் தனியாகவும் ஷாக் தனியாகவும் இருக்கும். ஆகவே எந்தக் கம்பெனிப் பெட்டி வாங்கினாலும் பின்னால் போடுவது பெயருக்கு ஏற்ற காயிலோவர் கிடையாது. உயரம் மாற்றும் ஒரு தட்டின் மேல் வைத்த ஸ்பிரிங்கும், பக்கத்தில் ஒரு ஷாக்கும்தான். இதை யாரும் சொல்லவில்லை. முன்பக்கத்திலும் இரண்டு வகை உண்டு. ஒன்றில் ஸ்பிரிங் உட்காரும் தட்டை மட்டும் இறக்குவார்கள். இறக்கிய ஒவ்வொரு மில்லிமீட்டரும் ஓட்டத்திலிருந்து கழியும். மற்றதில் ஷாக்கின் அடிப்பகுதியையே திருகி நீளத்தை மாற்றலாம்; ஓட்டம் அப்படியே இருக்கும். காயிலோவர் வாங்கப் போகிறவன் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். எனக்கு விற்றவருக்கே இது தெரிந்திருக்கவில்லை என்று பிறகு புரிந்தது. கடன் அட்டையில் தவணை போட்டு வாங்கினேன். வந்தது தட்டை இறக்கும் வகை.

கோவளம் கடலோர ஊர். எங்கள் வீட்டு ஜன்னல் கம்பி வருடம் ஒரு பெயின்ட் கேட்கும். கிரில் கேட்டின் கீல் ஆறு மாதத்தில் கீச்சிடும். உப்புக்காற்று எதையும் விடாது. காயிலோவரின் மரை வெட்டிய உடம்பு ஒரு உலோகம், அதன்மேல் திருகும் காலர் இன்னொரு உலோகம். நடுவே உப்பு ஈரம். இரண்டாவது ஐப்பசி மழை முடிந்து, அம்மாவுக்காகக் கொஞ்சம் உயர்த்தலாம் என்று ஸ்பேனரை மாட்டினேன். நான்கு காலரும் அசையவில்லை. “ஃபுல் அட்ஜஸ்டபிள்” என்று ஒரு லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய பொருள் ஒரே உயரத்தில் வெல்டு வைத்த மாதிரி இறுகிப்போயிருந்தது. கடையில் சொன்னார்கள், “பீச் பக்கம் இருக்கீங்களா? அப்ப அப்படித்தான் சார் ஆகும்.” முகவரி எழுதிக் கொடுத்துத்தானே வாங்கினேன்?

கடைசியில் உதவியவர் எங்கள் ஊர் போட் மெக்கானிக் அண்ணன். மீன்பிடிப் படகுகளுக்கு அவுட்போர்டு எஞ்சின் பார்ப்பவர். காரைத் தொட்டதில்லை. ஒரு பார்வை பார்த்தார். “அலுமினியமும் இரும்பும் உப்புத்தண்ணில ஒண்ணா கெடந்தா ஒண்ண ஒண்ணு தின்னுரும் தம்பி. மாட்டுறப்பவே கிரீஸ் வச்சு, மேல துணி சுத்தி விட்ருக்கணும். நாங்க எஞ்சினக் கழுவாம ஒருநாள் விடுவோமா?” இரண்டு நாள் எண்ணெய் ஊற்றி ஊறவைத்து, பிரஷ் போட்டு, மூன்று காலரைக் கழற்றினார். நாலாவதை அறுக்க வேண்டியதாயிற்று. கழற்றுவதற்கு முன்னால் அவர் செய்த ஒரு காரியம்தான் எனக்கு மறக்காது. சட்டைப்பையிலிருந்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்து, நான்கு சக்கரத்திலும் நடுமையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்புவரை அளந்து, சுவரில் சாக்பீஸால் எழுதிவைத்தார். இடது முன்பக்கம் வலதைவிட 9 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. ஒரு லட்சம் வாங்கிக்கொண்டு மாட்டிய கடையில் ஸ்கேலையே எடுக்கவில்லை.

இந்த உப்புக்காக ஜெர்மனியின் கேடபிள்யூ மாதிரியான கம்பெனிகள் துருப்பிடிக்காத எஃகில் உடம்பு செய்கின்றன. விலை அதிகம். கடலோரத்தில் குடியிருப்பவருக்கு அந்த ஒரு வரியைச் சொல்ல ஒரு கடைக்காரர்கூட இல்லையா?

பணம் இல்லாதவர்கள் படும் பாடு இன்னும் மோசம். எங்கள் தெருவில் ஒரு பையன், கல்லூரி முடித்துப் புதிதாக வேலைக்குப் போகிறவன், பழைய ஸ்விஃப்ட் ஒன்று வைத்திருக்கிறான். கிரைண்டரால் ஸ்பிரிங்கில் ஒரு சுருளை அறுத்துவிட்டார்கள். வேலை செய்யும் சுருள் ஆறு இருந்து ஐந்தானால் விறைப்பு 20 சதவீதம் கூடும், நீளம் குறையும், அறுத்த முனை தட்டில் சரியாக உட்காராது. ஜாக்கி போட்டுத் தூக்கியபோது ஸ்பிரிங் தளர்ந்து தொங்கியதை நானே பார்த்தேன். ஒரு மேட்டில் எகிறி சக்கரம் தொங்கினால் அந்த ஸ்பிரிங் இடம் மாறிவிடும். “தம்பி, இதோட ஈசிஆர் போகாதேப்பா” என்றேன். “எல்லாரும் பண்றதுதான்ணே” என்றான். அவனுக்கு இருபத்திரண்டு வயது. அறுத்துக் கொடுத்தவருக்கு ஐம்பது இருக்கும். எனக்குக் கோபம் அந்த ஐம்பதின் மேல்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம், கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் அதை அழுத்தமாக உறுதிசெய்தது. அதே ஆண்டு திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. நல்லது. கண்டபடி அறுத்துத் தள்ளுவதை நிறுத்த வேண்டும்தான். ஆனால் என் ஆர்.சி.யில் தரை இடைவெளி என்று ஒரு கட்டமே கிடையாது. ஸ்பிரிங்கின் விறைப்பும் இல்லை. எழுதியே வைக்காத அளவிலிருந்து நான் எவ்வளவு மாறினேன் என்று யார், எதை வைத்துச் சொல்வார்கள்? கடைக்காரர் எல்லாம் சரி என்கிறார், சட்டம் எல்லாம் தப்பு என்கிறது. எவ்வளவு சரி, எங்கிருந்து தப்பு என்று மில்லிமீட்டரில் இரண்டு பேருமே சொல்வதில்லை.

வெளிநாடுகளில் சொல்கிறார்கள். ஜெர்மனியில் ஸ்பிரிங் பெட்டிக்குள்ளேயே பரிசோதனைச் சான்று வைத்திருப்பார்கள். எந்த வண்டி, எந்த எடை, எந்த டயர், எவ்வளவு உயரம் என்று எழுதியிருக்கும். மாட்டியபின் கொண்டுபோய்க் காட்டினால் அளந்து பார்த்து ஆவணத்தில் ஏற்றுவார்கள். ஜப்பானில் வண்டியின் அடிக்கும் தரைக்கும் குறைந்தது 90 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஆஸ்திரேலிய விதி எனக்குப் பிடித்தது: இறக்கினாலும் ஒரிஜினல் ஓட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு மிச்சம் இருக்க வேண்டும் என்கிறார்கள். ஓட்டம்! நான் கேபிள் டை கட்டிக் கண்டுபிடித்ததை அங்கே விதியாகவே வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் என் 42இல் 28 மிச்சம் இருந்திருக்க வேண்டும். இருந்தது 12.

இப்போது ரோட்டுக்கு வருகிறேன். என் ஆதங்கத்தில் பாதி இதில்தான் இருக்கிறது.

வேகத்தடை வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். கோவளத்தில் தர்காவுக்கு வருகிற கூட்டம், மாதா கோயிலுக்கு வருகிற கூட்டம், பள்ளிக்கூடப் பிள்ளைகள், தலையில் மீன்கூடையோடு ரோட்டைத் தாண்டும் பெண்கள் எல்லோரும் என் வண்டியைவிட முக்கியம். ஈசிஆர் எத்தனை உயிரை வாங்கியிருக்கிறது என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் கேள்வி, அந்தத் தடையை ஏன் அளந்து போடுவதில்லை என்பதுதான்.

அளவு இல்லாமல் இல்லை. இந்திய ரோட்ஸ் காங்கிரஸ் 1988இலேயே ஐஆர்சி 99 என்ற வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது. 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு, அகலம் 3.7 மீட்டர்; உயரம் 10 சென்டிமீட்டர். 25 கிலோமீட்டர் வேகத்தில் தாண்டலாம். முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகை, மேலே பட்டை பட்டையாகப் பெயின்ட்.

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. அது தெரிந்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. போலோவின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே சுமார் 2.46 மீட்டர். 3.7 மீட்டர் அகலத் தடையில் வண்டி ஏறும்போது நான்கு சக்கரமும் அந்த மேட்டின் மேலேயே நிற்கும். இரண்டு அச்சுக்கும் நடுவே மேடு எவ்வளவு எழும்புகிறது என்று கணக்கிட்டால் சுமார் 45 மில்லிமீட்டர்தான். 10 சென்டிமீட்டர் உயரத் தடைதான், ஆனால் வண்டியின் வயிற்றைத் தேடி வருவது 45 மில்லிமீட்டர் மட்டும். 30 இறக்கிய என் வண்டியின் தாழ்ந்த இடம் தரையிலிருந்து 132 மில்லிமீட்டரில் இருந்தது. குடும்பமே ஏறினாலும் தாராளமாகத் தாண்டும். தடை குறுகலாக இருந்தால் முன் சக்கரம் இறங்கிவிடும், பின் சக்கரம் ஏறியிருக்காது, நடுவில் மேட்டின் முழு உயரமும் வயிற்றில் வந்து இடிக்கும்.

எங்கள் தெரு மெயின் ரோட்டில் சேரும் இடத்தில் இருக்கும் தடையை டேப் வைத்து அளந்தேன். அகலம் 90 சென்டிமீட்டர். உயரம் 14. பெயின்ட் இல்லை, பலகை இல்லை. தார் லாரி வந்த ஒரு ராத்திரியில் மிச்சத் தாரைக் கொட்டி உருட்டிய மாதிரி இருக்கிறது. இறக்காத ஒரிஜினல் வண்டியே நாலு பேர் ஏறினால் அங்கே உரசுகிறது. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து பைக்கில் வருகிற பையன்கள் இருட்டில் அதில் ஏறித் தடுமாறுவதை மாடியிலிருந்து பார்க்கிறேன். கர்ப்பிணிப் பெண்ணை ஏற்றிய ஆட்டோ அதில் படும் பாட்டையும் பார்த்திருக்கிறேன். அகலமான தடையிலும் வேகம் குறையும். குறையாமல் போகிறவனை அது தூக்கிப் போடும். ஆனால் ஒழுங்காக 20 கிலோமீட்டரில் வருகிறவனை அது தண்டிக்காது. குறுகலான தடை எல்லோரையும் ஒரே மாதிரி தண்டிக்கிறது. அந்த போர்ஷேக்காரர்களுக்கு ஒரு பட்டனை அழுத்தினால் மூக்கு உயரும் வசதி உண்டு. என் அம்மாவின் முதுகுக்கு அப்படி ஒரு பட்டன் இல்லை.

அளந்து ரோடு போட நமக்குத் தெரியாதா? 2024 ஆகஸ்ட் கடைசியில் தீவுத்திடலைச் சுற்றி மூன்றரை கிலோமீட்டருக்கு ராத்திரி ஃபார்முலா 4 பந்தயம் நடந்தது. சென்னை நகரத்து ரோடுதான். அதைக் கார் பந்தயம் ஓட்டும் தரத்துக்குக் கொண்டுவந்து காட்டினார்கள். அதற்கும் முன்பே, 1990இல், இருங்காட்டுக்கோட்டையில் நம் ஊர்க்காரர்கள் பந்தயப் பாதையே கட்டியிருக்கிறார்கள். சோழவரத்தின் பழைய விமான ஓடுபாதையில் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். இருங்காட்டுக்கோட்டைக்கு நான் இரண்டுமுறை போயிருக்கிறேன். அங்கே மெக்கானிக் பையன்கள் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் டயர் காற்றை அளந்து நோட்டில் எழுதுகிறார்கள். கேம்பர் என்கிற சக்கரச் சாய்வை மாற்றினால் எத்தனை டிகிரி என்று குறிக்கிறார்கள். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பையன் ஒருவன் எனக்கு ஷாக்கின் விரியும் வேகத்தைப் பற்றி விளக்கிய அழகை எந்தக் கடையிலும் நான் கேட்டதில்லை. அந்த அறிவு ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது. தாம்பரத்துக் கடைவாசலுக்கு மட்டும் வந்து சேரவில்லை.

ஸ்பிரிங்கா, காயிலோவரா என்று என்னிடம் கேட்கிற தம்பிகளுக்கு இப்போது நான் சொல்வது ஒன்றுதான். ரோட்டில் ஓட்டுகிற, குடும்பம் ஏறுகிற வண்டி என்றால் இரண்டும் வேண்டாம். ஸ்பிரிங்கும் அதற்கென்றே நீளம் குறைத்துச் செய்த ஷாக்கும் ஒரே கையால் பொருத்தம் பார்க்கப்பட்ட செட்டாக வாங்குங்கள். ஐபாக் ஸ்பிரிங்கையும் பில்ஸ்டைன் ஷாக்கையும் சேர்த்து பி12 என்று ஒரு கிட் வருகிறதே, அந்த மாதிரி. திருக மரை இல்லை, உப்பு தின்ன காலர் இல்லை. இறக்குவது 25 மில்லிமீட்டரோடு நிற்கட்டும். மாட்டுவதற்கு முன் நான்கு சக்கரத்தையும் அளந்து எழுதச் சொல்லுங்கள். மாட்டியபின் மறுபடி அளந்து, வீல் அலைன்மென்ட் பார்த்து, ஹெட்லைட்டின் வெளிச்ச உயரத்தையும் சரிசெய்யச் சொல்லுங்கள். கம்பியின் அளவும் ஓட்டத்தின் அளவும் சொல்லத் தெரியாத கடையிலிருந்து வெளியே வந்துவிடுங்கள். வாரக் கடைசியில் பந்தயப் பாதைக்கே போகிறவருக்குக் காயிலோவர் பொருந்தும். அவர் எப்படியும் அளக்கத் தெரிந்தவராக இருப்பார்.

என் வண்டி இப்போது ஒரிஜினல் ஸ்பிரிங்கிலும் புது ஷாக்கிலும், கம்பெனி கொடுத்த உயரத்தில் நிற்கிறது. அம்மா தலையணை இல்லாமல் தாம்பரம் வந்து போகிறார். 25 மில்லிமீட்டர் ஆசை போகவில்லை. ஆனால் எங்கள் தெருமுனையில் அந்த வேகத்தடை இருக்கிறவரை இறக்குவதற்கு இல்லை. அதை அளந்த படங்களையும், 3.7 மீட்டர், 10 சென்டிமீட்டர் என்ற கணக்கையும் வைத்து மனு எழுதிக் கொடுத்து எட்டு மாதம் ஆகிறது. இந்த வாரமும் போய் அளந்தேன். அகலம் 90. உயரம் 14.